சுவரும் அதன் மேலடுக்குகளும்
கட்டட வரைவு மென்பொருள்களில் பூச்சுவேலையைக் காட்டும் முறை

பூச்சு முடிந்து வெள்ளையடித்த சுவர் பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றும். ஆயினும் கதவுநிலையைப் பெயர்த்தெடுத்த இடத்திலோ, மழைநீர் இறங்கிக் காரை உதிர்ந்த மூலையிலோ நின்று நோக்கினால், அது பல பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நிற்பதொரு தொகுதி என்பது புலனாகும். நம் நாட்டில் பெருவழக்காயுள்ள சுவரை எடுத்துக் கொள்வோம். நடுவே 230 மி.மீ. செங்கற் கட்டு. வெளிப்புறத்தில் 18 மி.மீ. சிமென்ட் பூச்சு, இதை மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியல் இரண்டு தரமாகப் பூசச் சொல்கிறது. முதலில் ஒன்றுக்கு ஐந்து என்ற கலவையில் 12 மி.மீ., அதன்மேல் ஒன்றுக்கு மூன்று என்ற கலவையில் 6 மி.மீ. உட்புறத்தில் 12 மி.மீ. பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் வண்ணம். வண்ணத்தையும் பட்டியையும் நீக்கிக் கூட்டினால் மொத்தம் 260 மி.மீ. ஆகிறது.

தாளில் மையால் வரைந்த காலத்தில் இந்த 30 மி.மீ. வேறுபாடு எவரையும் வருத்தவில்லை. நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த படத்தில் 12 மி.மீ. பூச்சு என்பது கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். வரைவாளர் இரு கோடுகளை இழுத்துச் சுவர் என்றார். பூச்சின் அளவை மதிப்பீட்டாளர் தனித்தாளில் கணக்கிட்டார். இன்று நிலைமை வேறு. கட்டடத் தகவல் மாதிரி எனப்படும் முறையில் வேலை செய்யும் ரெவிட், ஆர்க்கிக்காட், ஃபிரீகாட் முதலிய மென்பொருள்களில் சுவர் என்பது இரு கோடுகள் அன்று; அது தன் தடிப்பையும் உயரத்தையும் பொருளையும் தன்னகத்தே தாங்கிய ஓர் உரு. அதே உருவிலிருந்து செங்கல் எவ்வளவு, பூச்சு எத்தனை சதுர மீட்டர், அறையின் பரப்பு யாது, வெப்பம் எவ்வளவு உட்புகும் என்ற எல்லா விடைகளும் பெறப்படுகின்றன. ஆகவே பூச்சை மாதிரியில் எவ்விதம் காட்டுகிறோம் என்பது அழகைப் பொறுத்த வினாவாக இல்லாமல், பணத்தையும் இடத்தையும் பொறுத்த வினாவாகிவிட்டது.

இடத்தைப் பொறுத்தவரை ஓர் உதாரணம் போதும். சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்புவதற்கு 1500 மி.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டுமென்பது வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு. பள்ளியொன்றின் கழிப்பறையைச் செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகம் வரை சரியாக 1500 மி.மீ. என்று மாதிரியில் வைத்துவிட்டோம் என்க. பின்னர் ஒவ்வொரு சுவரிலும் 12 மி.மீ. சாந்து, 3 மி.மீ. சிமென்ட் பால், 8 மி.மீ. சுவரோடு, ஆக 23 மி.மீ. ஏறுகிறது. எஞ்சும் அகலம் 1454 மி.மீ. படத்தில் திரும்பிய நாற்காலி கட்டடத்தில் சுவரில் முட்டும். சுவரை இடிப்பதைத் தவிர அப்போது செய்யத்தக்கது யாதுமில்லை.

சொற்களைப் பற்றி

மேலே செல்லுமுன் இரு சொற்களை வரையறுத்துக் கொள்வோம். பூசுவதற்கு முன் கொத்தனார் எழுப்பி நிறுத்திய உடலைக் 'கட்டுச்சுவர்' என்றும், அதன்மேல் ஏறும் எதனையும் 'மேலடுக்கு' என்றும் இக்கட்டுரை வழங்கும். 'மேற்பூச்சு' என்று எழுதவே என் கை முதலில் சென்றது. ஆனால் சுவரோடும், மரப்பலகையும், கற்பலகையும் பூசப்படுவன அல்லவே! வேலையிடத்தில் இவற்றுக்கெல்லாம் பொதுவான தமிழ்ச்சொல் எதுவும் வழங்கக் காணோம். பூச்சைப் பூச்சென்றும் டைல்ஸை டைல்ஸென்றுமே கூறுகின்றனர். பொதுச்சொல்லின் தேவை மென்பொருளால் வந்ததேயன்றிக் கொத்தனாரால் வந்ததன்று.

ஒரே சுவருக்குள் பல அடுக்குகள்

முதல் முறை, ஒரே சுவர் உருவுக்குள் எல்லா அடுக்குகளையும் வரிசையாகப் பதிவு செய்வது. நாம் கூறிய சுவரில் வெளியிலிருந்து உள்ளே 18, 230, 12 என மூன்று அடுக்குகள் வரும். அடுக்கின் தடிப்பையும் பொருளையும் தருவதோடு, அது சுவரில் என்ன தொழில் செய்கிறது என்பதையும் கூறவேண்டும். ரெவிட் மென்பொருளில் இத்தொழில்களுக்கு எண்கள் உண்டு. பாரந்தாங்கும் கட்டு 1. மேலடுக்கைத் தாங்கும் அடிப்பொருள் 2. வெப்பத்தடை அல்லது காற்றிடைவெளி 3. மேலடுக்குகள் 4, 5. நீர்த்தடைப் படலத்துக்குத் தடிப்பு பூச்சியம்.

இவ்வெண்கள் வெறும் அடையாளம் அல்ல. இரு சுவர்கள் சந்திக்குமிடத்தில் எது எதை ஊடுருவிச் செல்வது என்பதை இவையே தீர்மானிக்கின்றன. எண் சிறிதாக உள்ள அடுக்கு, எண் பெரிதாக உள்ளதை வெட்டிக்கொண்டு செல்லும். ஆகவே குறுக்குச் சுவரின் செங்கல் நெடுஞ்சுவரின் பூச்சைத் துளைத்து அதன் செங்கலோடு சேர்கிறது. பூச்சு மூலையில் திரும்பி நிற்கிறது. வேலையிடத்தில் நிகழ்வதும் இதுவே. இரு சுவர்களையும் கோத்துக் கட்டிய பின்னர்தான் பூசுகிறோம். கற்றுக்கொள்வோர் பெரும்பாலும் செய்யும் பிழை, எல்லா அடுக்குகளுக்கும் 1 என்ற எண்ணையே தருவது. அப்போது சந்திப்பில் பூச்சையும் செங்கலையும் மென்பொருள் ஒரே தகுதியாகக் கொள்வதால், வெட்டுப்படத்தில் பூச்சு செங்கலுக்குள் நுழைந்து நிற்கும் விந்தையைக் காணலாம். ஆர்க்கிக்காட்டில் இம்முறைமை கட்டடப் பொருளோடு சேர்ந்து வருகிறது. அங்கே எண் பெரிதாக உள்ளதே வலியது. ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது இத்தலைகீழ் மாற்றத்தை நினைவில் வைத்தல் வேண்டும்.

எத்தனை அடுக்குகள் வேண்டும் என்ற வினா அடிக்கடி எழுகிறது. இரண்டு தரமாகப் பூசிய 18 மி.மீ. பூச்சை இரண்டு அடுக்காகக் காட்டுவதா? வேண்டியதில்லை என்பது என் கருத்து. பட்டியலில் அது ஒரே வேலையினமாக, ஒரே விலையில் வருகிறது. தனித்து அளக்கப்படுவதும் தனித்துப் பணம் பெறுவதும் எதுவோ அதுவே தனி அடுக்காதற்கு உரியது. சுண்ணாம்பும் சலவைக்கல் தூளும் கொண்டு பலமுறை இழைத்து மெருகேற்றும் இராஜஸ்தானத்து அராயிஷ் பூச்சையும் ஒரே அடுக்காகக் காட்டி, அதன் முறையைக் குறிப்பாக எழுதிவிடலாம். வண்ணம் ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைந்த தடிப்புடையது. அதை அடுக்காக்க முயலாமல், பரப்பின்மேல் பொருளைத் தீட்டும் கட்டளையைக் கையாளுவதே முறை. அதனால் தடிப்பு கூடாது. பரப்பு மட்டும் கணக்கில் வரும்.

ஓர் அறையின் கணக்கு

ஒரே சுவருக்குள் அடுக்குகளை வைக்கும் முறை எளிது, விரைவானது, தொடக்கநிலைப் படங்களுக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் அதற்கோர் அடிப்படைக் குறையுண்டு. கட்டுச்சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அங்கேயே மேலடுக்கும் தொடங்கி முடிகிறது என்று அது கொள்கிறது. கட்டடத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை.

கம்பிக் கான்கிரீட் சட்டகமுள்ள கட்டடத்தில் செங்கல் தூணுக்கும் தூணுக்கும் இடையில், தரைக்கும் உத்தரத்தின் அடிக்கும் இடையில் மட்டுமே நிரப்பப்படுகிறது. பூச்சோ தூணின் முகத்தையும் உத்தரத்தின் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு தளத்தின் அடிவரை செல்கிறது. செங்கலும் கான்கிரீட்டும் கூடுமிடத்தில் வெடிப்பு விழாதிருக்கக் கோழிவலையை அடித்து அதன்மேல் பூசுவது களப்பணியாளர் யாவரும் அறிந்ததே.

செங்கல் முகங்களுக்கிடையே 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறை ஒன்றைக் கொள்வோம். தளத்துக்குத் தளம் உயரம் 3 மீட்டர். தளத்தின் தடிப்பு 150 மி.மீ.; உத்தரத்தின் மொத்த ஆழம் 450 மி.மீ. தூண்களும் உத்தரங்களும் 230 மி.மீ. அகலமுள்ளவை, செங்கல் முகத்தோடு சமமாக நிற்பவை. நீளச்சுவர் ஒவ்வொன்றின் நடுவிலும் 450 மி.மீ. முகமுள்ள தூண் ஒன்றுண்டு. மூலைத் தூண்களையும் திறப்புகளையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

உண்மையில் பூசவேண்டிய சுற்றளவு 20 மீட்டர். உயரம் 3 மீட்டரில் தளத்தடிப்பு நீங்கலாக 2.85 மீட்டர், பரப்பு 57 ச.மீ. மாதிரியில் வரைவாளர் செங்கல் கட்டப்படும் இடங்களில் மட்டும் சுவரை வரைந்திருப்பின், அதன் உயரம் 2.55 மீட்டர்தான். உத்தர முகத்தில் 20 மீட்டர் நீளத்துக்கு 0.30 மீட்டர், அதாவது 6 ச.மீ. விடுபட்டது. இரு தூண்களின் முகத்தில் ஏறத்தாழ 2.3 ச.மீ. விடுபட்டது. மென்பொருள் தரும் விடை 48.7 ச.மீ. ஏழில் ஒரு பங்குப் பூச்சு கணக்கிலிருந்து நழுவிவிட்டது! பட்டியலில் தசமப்புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை அச்சாகி வருவதால், அவ்விடையை ஐயுறவும் எவருக்கும் தோன்றுவதில்லை. இதே படத்தைக் கையால் கணக்கிட்ட பழைய மதிப்பீட்டாளர் சுற்றளவை உயரத்தால் பெருக்கி, ஒரு நிமிடத்தில் 57 என்று எழுதியிருப்பார்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, சுவரைத் தூண்களினூடே நிறுத்தாமல் ஓடவிட்டுத் தளத்தின் அடிவரை உயர்த்தி, பின்னர் இணைப்புக் கட்டளையால் தூணும் உத்தரமும் சுவரை வெட்டுமாறு செய்வது. தூண் தான் நிற்கும் 230 மி.மீ. இடத்தை மட்டுமே வெட்டும். இருபுறமுள்ள பூச்சடுக்கு தொடர்ந்து நிற்கும். தூண் செங்கல் முகத்தோடு சமமாக இருக்கும்வரை இது நன்றாகவே பயன்படுகிறது. தூண் 300 மி.மீ. ஆகி அறைக்குள் துருத்தி நின்றால் அது பூச்சையும் வெட்டிவிடும். துருத்திய பக்கங்களைச் சுற்றித் திரும்பவேண்டிய பூச்சு மாதிரியில் இராது.

மேலடுக்கைத் தனிச்சுவராக வரைதல்

மற்றொரு பரிகாரம், மேலடுக்கையே 12 மி.மீ. தடிப்புள்ள ஒற்றையடுக்குச் சுவராக, கட்டுச்சுவரின் முகத்தோடு ஒட்டித் தனியே வரைவது. அறையின் உட்புறத்தைச் சுற்றி, தூண்களின் வளைவு நெளிவுகளையெல்லாம் பின்பற்றி, அது தொடர்ச்சியாகச் செல்லும். அதன் உயரத்தைக் கட்டுச்சுவரின் உயரத்தோடு சம்பந்தமின்றி வைக்கலாம். பொய்க்கூரைக்குச் சற்று மேலே நிறுத்தலாம்; கழிப்பறையில் 2.1 மீட்டர்வரை சுவரோடும் அதற்குமேல் பூச்சுமாகப் பிரிக்கலாம். ஒரு சுவரின் இருபுறத்து அறைகளுக்கும் வேறு வேறு மேலடுக்கு வேண்டும்போது இம்முறையின் நன்மை தெளிவாகும். ஒரே சுவருக்குள் அடுக்குகளை வைப்பவர், மேலடுக்குச் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர்வகையை உண்டாக்கிக்கொண்டே போகவேண்டும். ஐந்துவகை மேலடுக்குகள் உள்ள கட்டடத்தில், பக்கங்களின் வரிசையைப் பாராட்டாவிடினும், ஒரே தடிப்புள்ள கட்டுச்சுவருக்கு 15 வகைகள் வரக்கூடும். தனிச்சுவராக வரைபவருக்குக் கட்டுச்சுவர் ஒன்று, மேலடுக்குகள் ஐந்து, ஆக ஆறு போதும்.

இதற்கும் விலையுண்டு. கட்டுச்சுவரில் கதவை வைத்தால் அது கட்டுச்சுவரில் மட்டுமே துளையிடும். இரண்டையும் இணைப்புக் கட்டளையால் பிணைக்காவிடில் மேலடுக்கு கதவின் குறுக்கே மூடி நிற்கும். கட்டுச்சுவரை நகர்த்தினால் மேலடுக்கு பழைய இடத்திலேயே அந்தரத்தில் தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே நகர்த்தியபின் வெட்டுப்படம் ஒன்றை எடுத்துப் பார்த்தல் அவசியம்.

வெப்பக் கணக்கிலும் கவனம் தேவை. 1987-ல் வெளிவந்த எஸ்.பி. 41 என்னும் இந்தியக் கையேட்டின் எண்களைக் கொண்டு கணக்கிட்டால், 225 மி.மீ. செங்கலும் இருபுறம் 12.5 மி.மீ. பூச்சும் உள்ள சுவர், ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஒரு ச.மீ. வழியே 2.13 வாட் வெப்பத்தைக் கடத்தும். பூச்சில்லாத செங்கலாயின் அது ஏறத்தாழ 2.30 ஆகும். மேலடுக்கைத் தனிச்சுவராக வரைந்த மாதிரியை வெப்பக் கணக்கு நிரலுக்கு அனுப்பும்போது, அந்நிரல் கட்டுச்சுவரை மட்டும் படித்துக்கொண்டால் பின்கூறிய எண்ணே வரும். நூற்றுக்கு எட்டு அளவில் பிழை. ஒரே சுவருக்குள் அடுக்குகளை வைத்தவருக்கு இத்தொல்லை இல்லை.

மென்பொருள்களுக்கிடையே மாதிரியைப் பரிமாறும் பொதுவடிவமாகிய ஐ.எப்.சி. 2013-ல் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் சர்வதேசத் தரமாக வெளியிடப்பட்டது. அதில் இருமுறைகளுக்கும் இடமுண்டு. சுவருக்குள் அடங்கிய அடுக்குத் தொகுதியையும், சுவரைப் போர்த்தும் தனி உறையையும் அது வேறு வேறாகவே அறியும். மேலடுக்கைச் சாதாரணச் சுவர் என்ற பெயரிலேயே அனுப்பிவிட்டால், பெறுபவர் ஓர் இடத்தில் மூன்று சுவர்கள் நிற்பதாகக் காண்பார். அனுப்புமுன் அதை உறை என்று குறித்தல் வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் வரைவில் ஒரே சுவர். அறைவாரியாக மேலடுக்குகள் முடிவானபின் உட்புறத்தில் மட்டும் தனிச்சுவர். வெளிப்புறப் பூச்சைக் கட்டுச்சுவரோடேயே விட்டுவிடலாம் என்பேன். வெளிப்பூச்சு கட்டடம் முழுவதற்கும் பெரும்பாலும் ஒன்றே. வெப்பக் கணக்குக்குரிய மாதிரியைத் தனியே பாதுகாத்தலும் நன்று.

திறப்புகளும் அளவுப் புத்தகமும்

மாதிரி எவ்வளவு திருத்தமாக இருப்பினும், அது தரும் பரப்பை அப்படியே அளவுப் புத்தகத்தில் எழுதலாகாது. பூச்சுவேலையை அளக்கும் முறை ஐ.எஸ். 1200 என்னும் தரத்தின் 12-ஆம் பகுதியில் வகுக்கப்பட்டுள்ளது. 0.5 ச.மீ.க்கு மேற்படாத திறப்புக்குக் கழிவு இல்லை. அதன் பக்கங்களுக்குக் கூட்டலும் இல்லை. 0.5 ச.மீ.க்கு மேல் 3 ச.மீ. வரையுள்ள திறப்புக்கு, இருபுறமும் ஒரே பூச்சாயின், ஒரு முகத்தில் மட்டும் கழிக்கவேண்டும். பக்கங்களைத் தனியே கூட்டுவதில்லை. இருபுறப் பூச்சும் வேறாயின், நிலைக்கு வெளியே தெரியும் பக்கம் எம்முகத்தில் குறுகியதோ அம்முகத்தில் கழிவு. 3 ச.மீ.க்கு மேற்பட்டால் இருமுகங்களிலும் கழித்து, பக்கங்களையும் மேலடியையும் கீழ்ப்படியையும் அளந்து கூட்டவேண்டும்.

மென்பொருளுக்கு இவ்விதி தெரியாது. 1.5 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள சன்னலுக்கு அது 1.8 ச.மீ.யை இருமுகங்களிலும் கழித்துவிடும். பூச்சடுக்கு திறப்புக்குள் மடங்கிச் செல்லுமாறு அமைத்திருந்தால் பக்கப் பரப்பை நுணுக்கமாகக் கூட்டவும் செய்யும். வடிவக்கணிதப்படி அது சரியே. ஆனால் விதியோ ஒரு முகத்தைக் கழிக்காமல் விட்டு, அதனைத் திறப்பின் பக்கங்களையும் விளிம்புகளையும் பூசும் உழைப்புக்கு ஈடாகக் கொள்கிறது. மாதிரியின் எண்ணை அப்படியே எழுதினால் ஒப்பந்தக்காரருக்கு உரிய தொகை குறையும். அதனால் எழும் தகராறில் இறுதியாக நட்டமடைபவர் அன்றாடக் கூலிக்குப் பூசிய ஆளே.

சிலர் இதற்கென மாதிரியிலேயே சன்னலைப் பூச்சில் துளையிடாது விட்டுவிடுகின்றனர். அது தகாது. மாதிரி உள்ளதை உள்ளவாறே காட்டட்டும். திறப்புகளின் பட்டியலை அகல உயரங்களோடு தனியே எடுத்து, 0.5, 3 என்ற இரு எல்லைகளால் மூவகையாகப் பிரித்து, விதிப்படி கழிவைக் கணக்கிடுக. இன்னொன்றும் நினைவிற் கொள்க. பூச்சின் நீளம் பூசுவதற்கு முந்திய முகத்தில் அளக்கப்படுகிறது. நம் வகுப்பறையில் அது 20 மீட்டர். மேலடுக்கின் வெளிமுகத்தில் மென்பொருள் அளந்தால் 19.904 மீட்டர்.

அறைப்பரப்பிலும் இதே வேறுபாடு உண்டு. செங்கல் முகத்தில் 24 ச.மீ.; பூச்சு முகத்தில் 23.76 ச.மீ. ரெவிட் மென்பொருளில் அறையின் எல்லையை மேலடுக்கு முகம், சுவரின் நடுக்கோடு, கட்டுச்சுவர் முகம், கட்டுச்சுவர் நடுக்கோடு என்ற நான்கில் எதிலும் வைக்கலாம். எதில் வைத்துக் கணக்கிட்டோம் என்பதைப் படத்தின் அடியில் ஒரு வரியில் எழுதிவிட்டால் பின்வருபவருக்கு உதவியாயிருக்கும்.

பழைய கட்டடங்களை அளக்குமிடத்து

நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தை அளந்து மாதிரி செய்யும் களப்பணியாளருக்கு வேறொரு இடர்ப்பாடு. அளவுநாடாவும் ஒளிக்கதிர் அளவியும் பூச்சின் முகத்தையே தொடுகின்றன. கட்டுச்சுவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மொத்தத் தடிப்பு 265 என்று அளந்துவிட்டு, அதைச் செங்கல் 265 என்று பதிவு செய்த மாதிரிகளைக் கண்டிருக்கிறேன். அத்தகைய செங்கல் எங்கும் அறுக்கப்படுவதில்லை. மின்பெட்டியின் குழி, காரை உதிர்ந்த இடம், பரண்மேல் பூசாமல் விட்ட பகுதி, மாடிப்படியின் அடிப்பக்கம் ஆகியவற்றில் கட்டுச்சுவர் வெளிப்பட்டிருக்கும். அங்கே இரண்டொரு இடங்களில் பூச்சின் தடிப்பை அளந்து, எஞ்சியது அரைக்கல் சுவரா ஒருகல் சுவரா என்று பார்க்கவேண்டும். கொத்தனார் சுவரின் கோணலைப் பூச்சினால் நேராக்குவதால் பூச்சு இடத்துக்கிடம் கூடியும் குறைந்தும் நிற்கும். ஆகவே ஓரிடத்து அளவை மட்டும் நம்புதல் கூடாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே பயிற்சியாக நடத்தலாம். மாணவர்கள் தம் அறையின் நீள அகலங்களைப் பூச்சு முகத்தில் அளக்கட்டும். வாயிற்படியருகே சுவரின் மொத்தத் தடிப்பை அளந்து, அதில் செங்கல் எவ்வளவு, பூச்சு எவ்வளவு என்று தாமே ஊகிக்கட்டும். தூணும் உத்தரமும் துருத்துமிடங்களைக் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் கட்டணமின்றிக் கிடைக்கும் ஃபிரீகாட் மென்பொருளில் அதே அறையை இருமுறைகளிலும் வரைந்து, இரண்டும் தரும் பூச்சுப் பரப்பைக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடட்டும். மூன்று எண்களும் ஒத்துவராவிடில், பிழையைத் தேட முதலில் பார்க்கவேண்டிய இடம் உத்தரத்தின் முகம்.